கட்சி இல்லாத மந்திரிசபை

பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறும் ஆட்சியியலும் சொல்லித் தருகிறேன். அப்படி ஒரு மாலையில் ஒரு பெண் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், 1926-லேர்ந்து 1930 வரைக்கும் சுப்பராயன், சுயேச்சை அமைச்சரவைன்னு ஒரே வரிதான் போட்டிருக்கு. கட்சியே இல்லாம எப்படி சார் நாலு வருஷம் ஆட்சி நடத்த முடியும்?" கவர்னர் ஆதரவு இருந்தது, நியமன உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று சொன்னேன். சரி என்று எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு அந்தப் பதில் போதும். எனக்குத்தான் போதவில்லை. அவள் எழுதப் போகும் தேர்வை நடத்தும் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் 1929-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அவளுக்கு வேலை கிடைத்தால் எந்த வரிசையில் கிடைக்கும் என்று தீர்மானிக்கும் இனச்சுழற்சி முறைக்கு வேர் 1927, 1928-இல் இருக்கிறது. இரண்டும் அந்த ஒற்றை வரி மந்திரிசபையின் காலத்தில் நடந்தவை. அதற்கு முன்னால் வந்த நீதிக்கட்சி ஆட்சிக்கும் பின்னால் வந்த ராஜாஜி ஆட்சிக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறோம். நடுவில் இருக்கும் இந்த நாலு வருஷத்தை மட்டும் ஏன் இப்படித் தாண்டிப் போகிறோம்? அன்றிலிருந்து இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அதை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நீதிக்கட்சிக்கு வாரிசுகள் உண்டு, காங்கிரசுக்கும் உண்டு. அந்த வாரிசுகள் மேடை போட்டுப் பேசுவார்கள், சிலை வைப்பார்கள், நூற்றாண்டு கொண்டாடுவார்கள். சுயேச்சைகளின் மந்திரிசபைக்கு வாரிசு கிடையாது. போதாததற்கு, கவர்னரின் கைப்பொம்மை என்ற பழியும் சைமன் கமிஷனை வரவேற்ற கறையும் அதன் மேல் இருக்கின்றன. அந்தப் பழி முழுப் பொய் என்று வாதாட நான் வரவில்லை. அப்படிப்பட்ட மந்திரிசபையிலிருந்து, இன்று வரை நம் வீடுகளில் சோறு போடுகிற ஒரு காரியம் எப்படி நடந்தது என்பதையே பார்க்க விரும்புகிறேன்.

இரட்டையாட்சி பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், நீட்ட மாட்டேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1919 சட்டப்படி போலீஸ், நிதி, நிலவரி, பாசனம் எல்லாம் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்கள் கையில். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம், தொழில், கலால், பத்திரப் பதிவு போன்றவை மந்திரிகள் கையில். மந்திரி திட்டம் போடலாம், பணத்துக்கு அடுத்த பக்கம் போய்க் கேட்க வேண்டும். நீதிக்கட்சியின் முதல் மந்திரிசபையில் இருந்த கே.வி. ரெட்டி நாயுடு பின்னாளில் விசாரணைக் குழு முன் இதைப் பட்டியல் போட்டே சொன்னார். தான் வளர்ச்சித் துறை மந்திரி, ஆனால் காடுகள் தன்னிடம் இல்லை. விவசாய மந்திரி, ஆனால் பாசனம் தன்னிடம் இல்லை. தொழில் மந்திரி, ஆனால் தொழிற்சாலைகளும் மின்சாரமும் தன்னிடம் இல்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை, வெளியே ஊக்கமான ஒரு கட்சி, இவ்வளவும் வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலைமை என்றால், கட்சியே இல்லாதவர்களின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

1926 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில், காங்கிரஸ்காரர்களின் தேர்தல் அணியான சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பிடித்தது. அதுவரை முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் நீதிக்கட்சி 21-க்கு இறங்கிவிட்டது. ஜெயித்தவர்கள் பதவி ஏற்க மாட்டோம் என்றார்கள். இரட்டையாட்சியில் பங்கு வகிப்பதில்லை என்பது காங்கிரசின் முடிவு. தோற்றவர்களால் ஆட்சி அமைக்க முடியாது. கவர்னர் கோஷன் பிரபு சுயேச்சை உறுப்பினரான டாக்டர் ப. சுப்பராயனை அழைத்தார். மன்றத்தில் கவர்னர் நியமிக்கும் இடங்கள் 34. அந்த ஓட்டுகள் சுப்பராயனுக்கு முட்டுக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. 1926 டிசம்பரில் மூன்று பேர் கொண்ட மந்திரிசபை பதவி ஏற்றது. முதல் மந்திரி சுப்பராயன், அவரோடு பெல்லாரியைச் சேர்ந்த ஏ. ரங்கநாத முதலியார், ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியார். இந்தப் பக்கம் காங்கிரஸ்காரர்கள், அந்தப் பக்கம் நீதிக்கட்சியினர், இரண்டு எதிர்க்கட்சிகளுக்கும் நடுவில் மூன்று நாற்காலி.

சுப்பராயனுக்கு அப்போது வயது 37. திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளி நடத்திய குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாயைச் சாதி கடந்து மணந்தவர். அந்த ராதாபாய் பிறகு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் பெண்களின் பிரதிநிதியாகப் போனார். பிள்ளைகளில் ஒருவர் இந்தியத் தரைப்படைத் தளபதி ஆனார், மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். ஒரே வீட்டுக்குள் இவ்வளவு வழிகள் திறந்திருந்தன என்றால், அந்த வீட்டுத் தலைவரை ஒரு வெறும் ஜமீன்தாராக நினைத்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அரசியலில் அவருக்கு அன்று கட்சியும் கிடையாது, தெருவில் இறங்கிக் குரல் கொடுக்க ஆளும் கிடையாது.

## ஒரு தீர்மானம், இரண்டு ராஜினாமா

இந்தக் கதை திரும்புகிற இடம் 1928-இன் முதல் மூன்று மாதங்கள். இந்திய ஆட்சிமுறையை ஆராய பிரிட்டன் அனுப்பிய சைமன் கமிஷன் வருகிறது, அதில் ஒரு இந்தியர்கூட இல்லை. நாடே கொதிக்கிறது. பிப்ரவரி 3-ஆம் தேதி சென்னையில் கடையடைப்பு. பாரிமுனையில் துப்பாக்கி ஏந்திய போலீசுக்கு முன்னால் காங்கிரஸ் தலைவர் த. பிரகாசம் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றது அன்றுதான். சட்டமன்றத்தில் கமிஷனைப் புறக்கணிக்கும் தீர்மானம் நிறைவேறியது. மந்திரிசபைக்குள்ளேயே பிளவு. ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் புறக்கணிப்பின் பக்கம். சுப்பராயன் ஒத்துழைப்பின் பக்கம். அவரும் ராஜினாமா வரை போய்த் திரும்பினார். கடைசியில் சக மந்திரிகள் இருவரும் வெளியேறினார்கள், அவர் இருந்தார்.

இரண்டு முதலியார்களும் செய்தது கௌரவமான காரியம். பதவியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நம் அரசியலில் எப்போதுமே குறைவு. அந்தக் கணத்தில் நான் மன்றத்தில் இருந்திருந்தால் அவர்கள் பக்கமே கை தூக்கியிருப்பேன். இதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்தது பேரம். நீதிக்கட்சியின் ஆதரவைப் பெற, கவர்னரின் நிர்வாக சபையில் சி.பி. ராமசாமி ஐயர் வகித்து வந்த சட்ட உறுப்பினர் பதவியை அந்தக் கட்சியின் முன்னணித் தலைவர் எம். கிருஷ்ணன் நாயருக்குக் கொடுத்தார் கோஷன். அதுவரை எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பனகல் அரசர் சுப்பராயனை ஆதரிக்க ஆரம்பித்தார். நீதிக்கட்சி சைமன் கமிஷனை வரவேற்றது. வெளியே சாலையெல்லாம் 'திரும்பிப் போ' என்ற முழக்கம், கோட்டைக்குள் வரவேற்பு. காலியான இரண்டு நாற்காலிகளில் எஸ். முத்தையா முதலியாரும் எம்.ஆர். சேதுரத்தினம் ஐயரும் வந்து உட்கார்ந்தார்கள்.

முத்தையா முதலியார் சுயராஜ்யக் கட்சி வரிசையிலிருந்து வந்தவர். பதவியை மறுத்த கட்சியிலிருந்து பதவிக்கு வந்தவர் என்றால் அன்றைய பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைய கண்ணுக்குக் கட்சித் தாவல். நல்லது எதுவும் இங்கிருந்து முளைக்கும் என்று எதிர்பார்க்க அந்த மார்ச் மாதத்தில் யாருக்கும் முகாந்திரம் இல்லை. ஆனால் முளைத்தது.

## பத்திரப் பதிவு என்ற சின்ன இலாகா

அரசு வேலைகளைச் சாதி, மத வகுப்புகளுக்குப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை என்றதும் 1921 என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் ஆணை வந்தது உண்மை. 1922-இல் அடுத்தது வந்தது. இரண்டும் பனகல் அரசர் காலத்தவை. ஆனால் அந்த ஆணைகள் சொன்னது என்ன? வருவாய் வாரியத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒரு நிலையாணை இருந்தது. மாவட்டப் பதவிகள் ஒரே சாதிக்காரர்கள், ஒரே குடும்பத்தார் கையில் சேர்ந்துவிடாமல் பல சாதியாருக்கும் பங்கிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அதை மற்ற துறைகளுக்கும் விரிவாக்குங்கள், எந்தெந்த வகுப்பாரை நியமித்தீர்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புங்கள் என்றன இந்த ஆணைகள். இத்தனை இடம் இவர்களுக்கு என்று எண்ணிக்கை கிடையாது. துறைத் தலைவர் கணக்கு அனுப்பிவிட்டால் அவர் கடமை முடிந்தது. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மேலே கேள்வியும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு அருகே அரசு அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எண் இல்லாத சுற்றறிக்கை கோப்பில் தூங்குவதற்கென்றே பிறந்தது.

1927 நவம்பரில், மந்திரிசபை மாறுவதற்கு முன்னாலேயே, எண்ணோடு ஓர் ஆணை வந்துவிட்டது. பன்னிரண்டு பணியிடங்கள் ஒரு சுற்று. அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. எண் வந்துவிட்டது, இனி அதை யார் நடத்துவது? போலீசும் நிலவரியும் கவர்னர் தரப்பில் இருந்தன, அங்கே மந்திரி கை நீளாது. முத்தையா முதலியாரிடம் இருந்தவற்றில் ஒன்று பத்திரப் பதிவு. 1928-இல் அவர் தன் கையில் இருந்த அந்தத் துறையில் ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசாங்கம் முழுவதும் ஒத்துக்கொள்ளட்டும், மற்ற இலாகாக்கள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அங்கே நடக்க ஆரம்பித்தது பிறகு மற்ற துறைகளுக்கும் விரிந்தது. பெரியார் 'குடிஅரசு' இதழில் முத்தையா முதலியாரைக் கொண்டாடி, பிள்ளைகளுக்கு முத்தையா என்று பெயர் வையுங்கள் என்று எழுதும் அளவுக்குப் போனார். வகுப்புவாரித் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று 1925-இல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். மூன்றே வருஷத்தில், தான் கேட்டதை ஒரு மந்திரி செய்து காட்டிவிட்டார் என்ற மகிழ்ச்சி அது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பத்திரப் பதிவு என்பது ஒரு சின்ன இலாகா. அங்கே என்ன பெரிய அதிகாரம் இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையில் சேர்ந்த காலத்தில், வில்லங்கம் பார்க்கக் கணினி வருவதற்கு ரொம்ப முன்னால், ஆவண அறையில் பழைய தொகுதிகளை இறக்கி வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடுவோம். 1-ஆம் புத்தகம் என்று சொல்லும் அசையாச் சொத்துப் பதிவேடு. தடித்த அட்டை, முதுகில் தோல், உள்ளே நகல் எழுத்தர்கள் கறுப்பு மையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய நெருக்கமான வரிகள். அடித்தல் இருந்தால் பக்கத்தின் அடியில் இத்தனையாவது வரியில் இந்தச் சொல் அடிக்கப்பட்டது என்று குறிப்பு இருக்கும். ஒவ்வொரு பத்திரத்திலும் முதலில் எழுதிக்கொடுப்பவர் பெயர், தகப்பன் பெயர், ஊர். அந்தக் காலத்தில் பெயரோடு சாதியும் வரும். அடுத்து எழுதிவாங்குபவர். பிறகு நான்கெல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் இடது பெருவிரல் ரேகை என்ற குறிப்பு. சாட்சிகள். கடைசியில் இன்ன தேதி, பகல் இத்தனை மணிக்குள் தாக்கல் செய்யப்பட்டது என்று எழுதி, அதன் கீழே சார்பதிவாளர் கையொப்பம். ஒரு தொகுதியைப் புரட்டினால் அந்த வட்டாரத்து மக்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். நிலம் விற்ற வன்னியர், வாங்கிய செட்டியார், அடமானம் வைத்த நாடார், வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்ட ராவுத்தர் வீட்டு அண்ணன் தம்பி, சாட்சிக்கு வந்து நின்ற நாவிதர். எழுதிக்கொடுக்கும் பக்கம் எல்லாரும் உண்டு. அடியில் கையெழுத்துப் போடும் நாற்காலிக்கு மட்டும் எல்லாரும் வந்துவிட முடியாது.

ஒரு சாதாரணக் குடியானவர் கலெக்டரை வாழ்நாளில் பார்க்காமலே போகலாம். சார்பதிவாளரைப் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்தை விற்க முடியாது. தாலுகா ஊர்களிலும் அதைவிடச் சின்ன ஊர்களிலும் இந்த அலுவலகம் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம், மழை இல்லை, கடன்காரர் நெருக்கடி என்று வாழ்க்கையின் இக்கட்டான நாளில் மனிதர்கள் வந்து நிற்கும் இடம் அது. விரலில் மை தடவி ரேகை வைக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் 'படிச்சுக் காட்டினாங்களா? சம்மதம்தானா? பணம் வாங்கியாச்சா?' என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் குரல் யாருடையது என்பது சின்ன விஷயம் இல்லை. மந்திரி பதவிகளும் நீதிபதி பதவிகளும் கைமாறுவதை மக்கள் பத்திரிகையில் படிப்பார்கள். சார்பதிவாளர் நாற்காலி கைமாறுவதை நேரில் பார்ப்பார்கள். முத்தையா முதலியார் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த இலாகாவில் ஆரம்பித்தாரா என்று என்னால் சொல்ல முடியாது, கையில் இருந்தது அது என்பதாலும் இருக்கலாம். எந்தக் காரணமாக இருந்தாலும், தொடங்கிய இடம் சரியான இடம்.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆணை நடைமுறைக்கு வந்தபோது அதே மந்திரிசபையில் சேதுரத்தினம் ஐயர் இருந்தார். நீதிக்கட்சி மந்திரிசபைகளில் பிராமணர் யாரும் இருந்ததில்லை. இங்கே ஒரு பிராமணரும், காங்கிரஸ் வரிசையிலிருந்து வந்த ஒரு பிராமணரல்லாதாரும், கலப்பு மணம் செய்துகொண்ட ஒரு கொங்கு ஜமீன்தாரும் சேர்ந்து உட்கார்ந்து இந்த ஏற்பாட்டை நடத்தினார்கள். அதனால் ஆணையை ஒரு கட்சியின் வஞ்சம் என்று தள்ளிவிட முடியாமல் போனது. ஏழு வருஷம் கட்சிச் சண்டையாக இருந்த ஒன்று அலுவலக நடைமுறையாக மாறியது. அப்புறம் 1930-இல் முனுசாமி நாயுடு வந்தார், 1932-இல் பொப்பிலி அரசர் வந்தார், 1937-இல் ராஜாஜி வந்தார். யாரும் அதை எடுத்தெறியவில்லை.

## அதே நாலு வருஷத்தில்

அரசு வேலைக்கு ஆள் எடுப்பதைச் சிபாரிசுக்காரர்கள் கையிலிருந்து பிரித்து ஒரு தனி அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்பதும் இதன் இன்னொரு பாதி. 1929-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றி, ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் கொண்ட சென்னைப் பணியாளர் தேர்வாணையத்தை உண்டாக்கியது. மாகாண அளவில் இந்தியாவில் இப்படி ஓர் ஆணையம் அதற்கு முன்னால் கிடையாது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் நேர் வாரிசு. இடங்களுக்குக் கணக்கும், ஆளைத் தேர்ந்தெடுக்க ஆணையமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் இரண்டும் நிலைத்தன என்பது என் எண்ணம். ஆணையம் இல்லாமல் கணக்கு மட்டும் இருந்திருந்தால், அந்தந்த வகுப்பின் செல்வாக்குள்ள குடும்பங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கும். கணக்கு இல்லாமல் ஆணையம் மட்டும் இருந்திருந்தால், இரண்டு தலைமுறை முன்னால் படிக்க ஆரம்பித்தவர்களே எல்லா இடத்தையும் நிரப்பியிருப்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்டமன்றத்தின் துணைத்தலைவர் ஆனதும், தேவதாசி முறைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தீர்மானமும், 1929-இல் இறைபணி மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கிய சட்டத் திருத்தமும் இந்தக் காலத்தவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டமும் இந்த மன்றத்தில்தான் நிறைவேறியது. இவற்றின் பெருமை மந்திரிகளுக்குப் போக வேண்டியதில்லை, முத்துலட்சுமி அம்மையார் தனி ஆளாக நின்று போராடிய போராட்டம் அது. ஆனால் பெரும்பான்மை உறுதியில்லாத மன்றத்தில் கட்சிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்காது, ஒரு தனி உறுப்பினரின் குரலும் எடுபடும் என்பதை இந்த நாலு வருஷம் காட்டுகிறது.

கறையையும் சொல்ல வேண்டும். 1928 செப்டம்பரில் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. பர்மா அரசாங்கம் தடை விதித்தது, இங்கேயும் போலீஸ் போய்ப் புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாரதி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அக்டோபரில் மன்றத்தில் சுயராஜ்யக் கட்சியின் சத்தியமூர்த்தி இதை எழுப்பி உருக்கமாகப் பேசினார், மன்றம் அரசாங்கத்தின் செயலைக் கண்டித்தது. போலீஸ் ஒதுக்கப்பட்ட துறை, மந்திரிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது சட்டப்படி சரி. ஆனால் தமிழ் பேசும் ஒரு முதல் மந்திரி கோட்டையில் உட்கார்ந்திருக்கும்போது பாரதி புத்தகங்கள் போலீஸ் வண்டியில் ஏறின. இரட்டையாட்சியில் பதவி வகிப்பதற்கு என்ன விலை என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி எனக்குத் தெரியாது. பதவியே வேண்டாம் என்று சொன்ன சுயராஜ்யக் கட்சிக்காரர்களின் பக்கம் நியாயம் இருந்தது என்று இந்த ஒரு சம்பவம் என்னை ஒப்புக்கொள்ள வைக்கிறது.

## யாருக்குப் பெருமை

இதை நண்பர்களிடம் பேசினால் இரண்டு விதமான கோபம் வருகிறது. திராவிட இயக்கப் பற்றுள்ள நண்பர், "சுப்பராயனைத் தூக்கி வச்சா பனகல் அரசர் என்ன ஆவார்? அவர் ஆதரவு இல்லைன்னா முத்தையா முதலியார் ஒரு நாள் தாக்குப் பிடிச்சிருப்பாரா?" என்கிறார். நியாயமான கேள்வி. கோரிக்கையை உருவாக்கியது நீதிக்கட்சி, 1916 பிராமணரல்லாதார் அறிக்கையிலிருந்து அதைத் தூக்கிச் சுமந்தது அவர்கள். 1928-இல் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றியதும் அவர்கள்தான். அந்த ஆண்டு டிசம்பரில் பனகல் அரசர் காலமானபோது தான் தொடங்கியது எண்ணோடு ஓட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டே போனார். காங்கிரஸ் பற்றுள்ள இன்னொரு நண்பர், "சைமனை வரவேற்ற கும்பல் அது, அதுக்கு என்ன புகழ்மாலை?" என்கிறார். அவருக்கும் என்னால் முழுதாக மறுப்புச் சொல்ல முடியவில்லை. சைமன் பேரம் நடக்காமல் இருந்திருந்தால் முத்தையா முதலியார் மந்திரி ஆகியிருக்க மாட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் 1927 ஆணையும் முந்தைய இரண்டோடு கோப்பில் சேர்ந்திருக்கலாம். அவமானமும் ஆக்கமும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட வழியில்லை.

ஆக, என் கருத்து இது. பெரும்பான்மையோடு வந்தவர்கள் கொள்கையைப் பிரகடனம் செய்தார்கள். பெரும்பான்மையே இல்லாமல் வந்த ஒருவர், தனக்கு எது அதிகாரம் என்று பார்த்து, அந்த எல்லைக்குள் அதை நடத்திக் காட்டினார். பிரகடனத்துக்குச் சிலை உண்டு, நடத்திக் காட்டியதற்குக் கைடில் ஒரு வரி. இது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்வதால் பனகல் அரசரின் உயரம் ஒரு அங்குலமும் குறையாது.

உண்மையில் அந்த ஆணைமேல் எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்று. தாழ்த்தப்பட்டோருக்கு நூற்றுக்கு எட்டு, அவர்கள் தொகையோ அதைவிட மிக அதிகம். மாகாணத்தில் சுமார் 3 சதவீதமாக இருந்த பிராமணர்களுக்குப் பன்னிரண்டில் இரண்டு என்று வைத்துவிட்டு, வயலில் வேலை செய்த அத்தனை கோடிக் கைகளுக்கும் ஒன்று என்று வைத்தார்கள். தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா 1923-லேயே அதிருப்தியோடு நீதிக்கட்சியை விட்டு வெளியேறியிருந்தார். அவரைப் போலவே தாழ்த்தப்பட்டோர் தலைவரான இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் உரிமை கேட்டு 1924-இல் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்த காலம் அது. சாலையில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்டவர்களுக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி என்பது அன்றைக்குப் பெரிய தாண்டல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பிராமணரல்லாத இந்துக்கள் என்ற ஐந்துக்குள்ளும் முன்னேறிய சாதிகளே முந்திக்கொள்ள முடிந்தது, பின்தங்கியவர்களுக்கு அதில் தனி இடம் கிடையாது.

இதைத் திருத்த 1947 ஆனது. அந்த நவம்பரில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், பன்னிரண்டு பதினான்காயிற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பிராமணர்களுக்கு 2, கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. தாழ்த்தப்பட்டோரின் பங்கு ஏறியது, முஸ்லிம்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மந்திரிசபையில் போலீஸ் இலாகாவைக் கவனித்தவர் அதே சுப்பராயன். இதற்கிடையில் அவர் 1932-இல் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்து வைஸ்ராய் அனுமதி மறுத்ததைப் பார்த்தார், காங்கிரசில் சேர்ந்தார், ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் பார்த்தார், கட்டாய இந்திக்கு எதிரான கிளர்ச்சியின்போது அந்த நாற்காலியில் இருந்த பழியையும் ஏற்றார். 1928-இல் தன் கையில் இல்லாத போலீஸ் 1947-இல் அவர் கையில் இருந்தது. நான்கே வருஷத்தில் உச்ச நீதிமன்றம், கல்லூரி இடங்களுக்கு இருந்த இதே பதினான்கு பங்கைச் செண்பகம் துரைராஜன் வழக்கிலும், வேலைகளுக்கு இருந்ததை வேங்கடரமணா வழக்கிலும் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, அதே 1951-இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.